மைக்கம்மாவின் குரலில் ஒரு ரத்து

"எனக்கு மூளை ஒழுங்கா வேலை செய்யுதா இல்லையான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்றாள் அந்த அம்மாள், உட்கார்வதற்கு முன்பே.

துப்பறிவாளர் ராடார் நிமிர்ந்து பார்த்தார். காணாமல் போன கணவன், காணாமல் போன நகை, காணாமல் போன நாய் என்று எத்தனையோ தேடிக் கொடுத்தவர் அவர். காணாமல் போனதா என்றே தெரியாத மூளையைத் தேடச் சொல்லி இதுவரை யாரும் அந்த மாடிப்படி ஏறியதில்லை.

"அதுக்கு டாக்டர் இருக்காங்களேம்மா. நாங்க கொஞ்சம் சீப்தான், ஆனா அந்த அளவுக்கு இல்ல" என்றாள் அவருடைய உதவியாளர் ஸ்பேனர், நாற்காலியைத் துடைத்துப் போட்டபடி.

"டாக்டர்கிட்ட என் பையன் கூட்டிட்டுப் போகப் போறான். அவர் ஏதாவது பேர் சொல்லி ஒரு சீட்டு எழுதிட்டார்னா, அப்புறம் நான் என்ன சொன்னாலும் அந்தச் சீட்டுதான் பேசும். அதுக்குள்ள எனக்கு உண்மை தெரியணும்."

ராடாருக்கு அவளைப் பிடித்துவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர் அவர். காதுகள் சற்றுப் பெரியவை. அந்தப் பட்டப்பெயருக்கு மூளை பாதிக் காரணம், காது பாதிக் காரணம் என்பாள் ஸ்பேனர். அவள் முன்பு ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப் நடத்தியவள். உலகத்தில் எந்த நட்டையும் டைட் செய்துவிடுவாள், தன் வாயைத் தவிர.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் ராடார்.

"பயணிகளின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்துவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். ஸ்பேனர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். அந்தக் குரலைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் இல்லை. பெரிய ஸ்டேஷனில் எல்லா வண்டிகளையும் வரவேற்று வழியனுப்பிய குரல். கூலிக்காரர்கள் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை அவளை அழைத்தது மைக்கம்மா என்றுதான்.

"பாதி ஆயுசு ஜன்னல் இல்லாத ஒரு ரூம்ல போச்சு சார். வண்டி வர்ற அதிர்வு நாற்காலியில தெரியும். வண்டியப் பாக்க முடியாது. ரிட்டையர் ஆன அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். வெளிநாடு போகணும், ரயில்லயே சுத்தணும், ஜன்னல் சீட்ல உட்காரணும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துட்டார். நானும் அக்காவும்தான் வீட்ல. அக்காவுக்கு ரயில்னாலே தலை சுத்தல். அதனால தனியாப் போறேன்."

"அதுல மூளை எங்க வருது?"

"விசா வந்தாச்சு, பிளைட் டிக்கெட் எடுத்தாச்சு. அங்க சுத்தறதுக்கு ரயில் டிக்கெட் வேணும்ல? முதல்ல ஊருக்கு ஊர் தனித்தனி டிக்கெட்டா எடுத்தேன். முன்கூட்டியே எடுத்தா மலிவு. வாங்கப் போனா, 'நீங்கதானே போன் பண்ணி ரத்து பண்ணச் சொன்னீங்க'ன்னு கவுண்டர்ல இருக்கிற பொண்ணு சொல்றா. சரி, ஏதோ குழப்பம்னு ரெண்டாவது தடவை பாஸ் எடுத்தேன். ஒரு மாசத்துக்குள்ள நமக்குப் பிடிச்ச சில நாள் மட்டும் ஏறிக்கலாம், அந்த மாதிரி பாஸ். அதுவும் ரத்து. மறுபடியும் நானே போன் பண்ணேனாம். என் குரல். என் பாஸ்போர்ட் நம்பர். என் பிறந்த தேதி."

"நீங்க பண்ணலையா?"

"பண்ணல." அந்தச் சொல் சுத்தியல் போல விழுந்தது. பிறகு குரல் இறங்கியது. "பையன் பல் டாக்டர். 'அம்மா, இப்படித்தான் மறதி ஆரம்பிக்கும், வீட்ட வித்துட்டு எங்ககூட வந்துடுங்க'ங்கறான். பகல்ல அவனோட சண்டை போடறேன். படுத்தா, ஒருவேளை நானேதான் பண்ணிட்டேனோன்னு தோணுது. என்னைப் போட்டு அரிக்கறது அந்த 'ஒருவேளை'தான் சார்."

ராடார் பேனாவைத் திறந்தார். "பாஸ்போர்ட் நம்பர் சொல்லுங்க."

மைக்கம்மா ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாக, நடுவே சிறு இடைவெளி விட்டுச் சொன்னாள். "நாலு. ஒன்று. ஏழு. ஏழு. பூஜ்யம்…"

"எந்த பிளாட்பாரத்துக்கு வருதும்மா?" என்றாள் ஸ்பேனர்.

"தொழில் புத்தி. நம்பரச் சேத்துச் சொன்னா கூட்டம் குழம்பிடும்னு பயிற்சியிலயே திட்டுவாங்க. இப்ப மாத்திச் சொல்லணும்னாலும் வாய் வராது."

ராடார் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மீதியையும் எழுதிக்கொண்டார்.

*

டிராவல்ஸ் அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கும் ஒரு சலூனுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுவரெல்லாம் பனி மலைகள், நீல ஏரிகள், சிவப்பு ரயில்கள். மின்விசிறி சுற்றும்போதெல்லாம் ஒரு மலை மட்டும் சுவரை விட்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தது.

கவுண்டர் பெண்ணுக்கு அழுகை வரும் போலிருந்தது. "நான் என்ன சார் பண்ணுவேன்? பாஸ்போர்ட் நம்பரும் பிறந்த தேதியும் சரியாச் சொன்னா ரத்து பண்ணணும், அதான் ரூல். அதோட அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல அந்தக் குரல் சொன்னாத்தான் எங்க அப்பா பெட்டியத் தூக்குவார்."

"ரெண்டு தடவையும் நீங்கதான் பேசினீங்களா?"

"நான்தான். ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. 'உனக்குச் சிரமம் கொடுக்கறேன்மா'ன்னாங்க. ரெண்டாவது தடவை குரல் கொஞ்சம் நடுங்குச்சு."

"பாஸ்போர்ட் நம்பர் சொன்னாங்கல்ல, எப்படிச் சொன்னாங்க? அதே மாதிரி சொல்லிக் காட்டுங்க."

அவள் கண்ணை மூடி யோசித்தாள். "நாலு, ஒண்ணு, டபுள் ஏழு… நான்கூடத் திரும்பிக் கேட்டேன், டபுளா ட்ரிபிளான்னு."

வெளியே வந்ததும் ஸ்பேனர் ராடாரின் முகத்தைப் பார்த்தாள். "உங்க காது ஆடுது சார். ஏதோ சிக்கியிருக்கு."

"அந்த அம்மாவுக்கு மூளை பளிச்சுனு இருக்கு. போன் பண்ணது அவங்க இல்ல."

"டபுள்னு சொன்னதாலயா?"

"ஒருத்தருக்கு மறதி வந்தா என்ன சாப்பிட்டோம்னு மறக்கும், சாவிய எங்க வெச்சோம்னு மறக்கும். பாதி ஆயுசு பழகின நாக்கு அவ்வளவு சுலபமா மறக்காது. வேற யாரோ அந்தக் குரல்ல பேசியிருக்காங்க."

"அப்ப அந்தக் குரல்ல யாரால பேச முடியும்?"

"அதத்தான் போய்க் கேக்கப் போறோம்."

*

பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தது அவர் மனைவி. மைக்கம்மாவின் மருமகள். விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பது அவள் தொழில். வேலையில்லாத நாட்களில் கிளினிக்கைப் பார்த்துக்கொள்வாள். வந்த விஷயத்தை ராடார் சொன்னதும் அவள் சளைக்கவே இல்லை.

"நான்தான்னு நினைக்கறீங்க. அத்தையும் அப்படித்தான் நினைக்கறாங்க. ஏன்னா என்னால முடியும்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பயணிகளின் கவனத்திற்கு. பல் பிடுங்க வந்தவர்கள் முதல் அறைக்குச் செல்லவும்."

காத்திருந்தவர்களில் ஒருவர் நிஜமாகவே எழுந்து நின்றார்.

"கேஸ் முடிஞ்சது சார்" என்று முணுமுணுத்தாள் ஸ்பேனர்.

உள்ளேயிருந்து மகன் கையுறையோடு வந்தான். "துப்பறியறவங்கள வேற வெச்சுட்டாங்களா? சார், எங்க அம்மா மொழி தெரியாத ஊர்ல ஏதோ ஒரு ஸ்டேஷன்ல இறங்கி, எதுக்கு இறங்கினோம்னு தெரியாம நின்னா, யார் பொறுப்பு? நான் தடுக்கறேன். நேராவே தடுக்கறேன். ஒளிஞ்சிருந்து போன் பண்ற பழக்கம் எனக்கில்ல."

"வீட்ட விக்கறதுல உங்களுக்கு ஆர்வம் உண்டோ?" என்றார் ராடார்.

"உண்டு. அதையும் நேராத்தான் கேட்டேன். நேராத்தான் திட்டு வாங்கினேன்."

படியிறங்கும்போது ஸ்பேனர் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். "புருஷனுக்கு வீடு வேணும். பொண்டாட்டிக்குக் குரல் இருக்கு. இதுக்கு மேல என்ன சார் வேணும், கையெழுத்தா?"

"திருடினவ, திருடின செயினப் போட்டுக்கிட்டு நம்ம முன்னாடி ஆடிக் காட்டுவாளா?"

"துணிச்சல் இருந்தா ஆடுவா."

"இருக்கலாம். சீக்கிரம் தெரிஞ்சிடும். மைக்கம்மா வீட்டுக்குப் போன் போடு, வர்றோம்னு சொல்லு."

ஸ்பேனர் போன் போட்டுப் பேசினாள். வழி கேட்டாள். எதிர்முனை பொறுமையாகச் சொன்னது: மூன்றாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர், கீழே கேட்டில் எண் அழுத்த வேண்டும், டபுள் ரெண்டு, ஒன்பது, நாலு. ஸ்பேனர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லி உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

*

கதவைத் திறந்த மைக்கம்மாவிடம், "நல்லா வழி சொன்னீங்கம்மா" என்றாள் ஸ்பேனர்.

"நான் எங்க சொன்னேன்? நான் இப்பதான் குளிச்சிட்டு வர்றேன். அக்கா பேசியிருப்பா."

சாப்பாட்டு மேசையில் குளிர்கோட்டு ஒன்றை விரித்துப் போட்டு, உள்பக்கத்தில் பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. தங்கையைவிட ஒல்லி, நரை அதிகம். "பாஸ்போர்ட் வைக்க. வெளிநாட்டுல பிக்பாக்கெட் ஜாஸ்தியாமே" என்றாள் மெதுவாக. பக்கத்தில் தங்கையின் துணிகள் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தன.

"இவ ஒருத்திதான் என் கட்சி" என்றாள் மைக்கம்மா. "ஊரே போகாதேங்குது. இவ மட்டும் எனக்குப் பொட்டி கட்டறா."

ராடார் அந்தத் தையலைப் பார்த்தார். நெருக்கமான, சீரான, அன்பான தையல். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, இன்னைக்கே மூணாவது தடவையா ஒரு பாஸ் எடுத்துடுங்க. எது எடுக்கப் போறீங்க?"

மைக்கம்மாவின் கண்கள் மின்னின. யாரும் அவளை அதை இதுவரை கேட்டிருக்கவில்லை. எல்லோரும் ஏன் என்றுதான் கேட்டார்கள். "தனித்தனி டிக்கெட் மலிவு. ஆனா வண்டி தவறினா காசு போச்சு. நாள் எண்ணி ஏறற பாஸ்ல, இன்னைக்கு ஏறலாமா வேண்டாமான்னு கணக்குப் பாத்தே பொழுது போயிடும். ஒரு மாசம் முழுசுமா ஓடற பாஸ் ஒண்ணு இருக்கு. விலை கூட. ஆனா எப்ப வேணும்னாலும் ஏறு, எங்க வேணும்னாலும் இறங்கு. வேக வண்டிக்கு மட்டும் சீட் தனியா பதிவு பண்ணணும். எனக்கு எதுக்கு வேகம்? மெதுவாப் போற வண்டி போதும், ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நிக்கும்."

"அதையே எடுங்க. பையன்கிட்டயும் மருமகள்கிட்டயும் மூச்சு விட வேண்டாம். நாளைக்குக் காலையில அவங்க உங்கள ஞாபகசக்தி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டும், நீங்களும் முரண்டு பிடிக்காம போங்க. விஷயம் இந்த மேசையில இருக்கிற நாலு பேருக்குள்ள இருக்கட்டும்."

"டாக்டர்கிட்டயா?" மைக்கம்மா முகம் சிவந்தாள்.

"நம்புங்கம்மா."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போயிட்டு வா பாப்பா. சோதிச்சுப் பாக்கறதுல என்ன."

மாடிப்படியில் ஸ்பேனர் பொறுமை இழந்தாள். "என்ன சார் இது? சந்தேகப்படற ரெண்டு பேருக்கும் சொல்லாம எப்படிப் பொறி வைக்கறது? எலிக்கே தெரியாத மசால்வடை எதுக்கு?"

"பொறி வெச்சாச்சு" என்றார் ராடார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

*

மறுநாள் காலை மைக்கம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிய மகனின் கார் டாக்டர் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஸ்பேனர் அதைத் தெருமுனையில் வழிமறித்து, டிராவல்ஸ் அலுவலகத்துக்குத் திருப்பினாள். மகன் கொதித்தான்.

"பேஷண்ட்ஸ் எல்லாம் வாயைத் திறந்துகிட்டு உட்கார்ந்திருக்காங்க சார்."

"மூடிக்கச் சொல்லுங்க, ஈ போயிடப் போகுது" என்றாள் ஸ்பேனர்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் எல்லோரையும் உட்கார வைத்தார் ராடார். மகன், மருமகள், மைக்கம்மா. மருமகள் கையைக் கட்டிக்கொண்டு மாமியாரைப் பார்க்காமல் இருந்தாள். மாமியாரும் அப்படியே. கவுண்டர் பெண் போனை நடுமேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கடவுளை வேண்டுவது போல் கைகளைக் கோர்த்துக்கொண்டாள்.

வேறு வேறு ஆட்கள் கூப்பிட்டார்கள். தேனிலவுக்குப் போகிறவன் ஒருவன் ஏரிக்கரை ரயிலில் மேல் தளம் கிடைக்குமா என்று கேட்டான். பெட்டி தொலைந்துபோன ஒருத்தி கத்தினாள். ஸ்பேனர் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு, மகனின் நகத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

மறுபடி மணி அடித்தது.

"வணக்கம்மா" என்றது ஸ்பீக்கர். "உனக்கு மறுபடியும் சிரமம் கொடுக்கறேன். நேத்து ஒரு பாஸ் எடுத்தேனே, மாசம் முழுக்க ஓடறது. அதை ரத்து பண்ணிடும்மா."

அறையில் யாரும் அசையவில்லை. மகன் தன் அம்மாவின் வாயைப் பார்த்தான். அது மூடியிருந்தது. மனைவியின் வாயைப் பார்த்தான். அதுவும் மூடியிருந்தது. மைக்கம்மாவின் குரல் மட்டும் மேசைமேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது.

"பாஸ்போர்ட் நம்பர் சொல்லுங்கம்மா" என்றாள் கவுண்டர் பெண்.

"நாலு, ஒண்ணு, டபுள் ஏழு…"

மைக்கம்மா எழுந்தாள். ராடார் தடுக்கவில்லை. அவள் மேசையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, போனுக்கு நேராகக் குனிந்தாள்.

"அக்கா" என்றாள்.

எதிர்முனை அணைந்துவிட்டது போல் ஆனது. ஆனால் வைக்கவில்லை. ஒரு சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அது அவர்கள் வீட்டுக் கடிகாரம் என்று மைக்கம்மாவுக்குத் தெரிந்தது.

ஸ்பேனர் ராடாரின் காதருகே கிசுகிசுத்தாள். "கேட் நம்பர். டபுள் ரெண்டு. என் உள்ளங்கையிலயே இருந்துச்சு சார்."

"நீ அதைச் சத்தமாத் திருப்பிச் சொன்னப்பவே பொறி வைக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அக்கா தங்கச்சிக்குப் போன்ல ஒரே குரல். நீயே ஏமாந்தே."

"பாப்பா" என்றது ஸ்பீக்கர் கடைசியில். "நீ டாக்டர்கிட்ட போகலையா?"

"போகல."

"நான் ஒண்ணும் கெட்டது நினைக்கலடி. முதல் தடவை, டிக்கெட் இல்லன்னா நீ விட்டுடுவேன்னு நினைச்சேன். நீ போயிட்டா இந்த வீட்ல நான் யார்கிட்ட பேசுவேன்? காலையில எழுந்தா யாருக்குக் காபி கலக்குவேன்? அதை உன்கிட்ட எப்படிக் கேக்கறது? போகாதேன்னு சொன்னா நீ இன்னும் வேகமாப் போவே."

"அதனால எனக்குக் கோட்டு தெச்சே, துணி மடிச்சே. பின்னாடி போன் பண்ணே."

"ஆமா."

மைக்கம்மாவின் கண்கள் நிறைந்தன. ஆனால் குரல் கலங்கவில்லை. கலங்காமல் பேசத்தான் அவளுக்குச் சம்பளம் கொடுத்திருந்தார்கள். "டிக்கெட் போனது போகட்டும். அது காசு. எனக்கு மறதின்னு இவன் சொன்னான் பார், அப்ப நீ அந்த மேசையிலதான் இருந்தே. நான் உன்னைத்தான் பாத்தேன். 'அக்கா, நான் மறந்தேனா'ன்னு உன்கிட்டதான் கேட்டேன். 'இருக்கும் பாப்பா, வயசாகுதில்ல'ன்னு சொன்னே. ஞாபகம் இருக்கா?"

மைக்கம்மா மேசையிலிருந்து கைகளை எடுத்தாள்.

"என் ரயில நீ நிறுத்தியிருக்கலாம். என் மேலயே எனக்குச் சந்தேகம் வர வெச்சே பாரு, அதுக்கு நான் என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. திரும்பி வந்து யோசிக்கறேன்."

"திரும்பி வருவியா?"

"என் வீடு அது. வருவேன். விக்கவும் மாட்டேன்." கடைசிச் சொல் மகனுக்காகச் சொல்லப்பட்டது. அவன் தரையைப் பார்த்தான்.

பிறகு அவள் மருமகளிடம் திரும்பினாள். "உன்னைத்தான் நினைச்சேன். கண்ண மூடிட்டு நினைச்சேன். தப்பு என்னோடது."

"பரவால்ல அத்தை" என்றாள் மருமகள், கைகளைப் பிரித்துக்கொண்டு. "இனிமே உங்க குரல்ல பேசறதுக்கு நான் காசு வாங்கறேன்."

அன்று முதல்முறையாக மைக்கம்மா சிரித்தாள். மகன் மட்டும் இன்னும் தோற்கத் தயாராக இல்லை. "அம்மா, மறதி இல்லன்னு ஆயிடுச்சு, சரி. சந்தோஷம். நான் பேசினது தப்புதான். ஆனாலும் தனியா எதுக்கு? பெரியம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. இவ்வளவு ஏங்கறாங்க."

கவுண்டர் பெண்ணுக்கும் அதுவே நல்ல முடிவாகத் தோன்றியது. "ரெண்டு பேருக்குச் சேர்ந்த பாஸ் இருக்கும்மா. ஒரே பாஸ்ல ரெண்டு பேர். விலையும் குறையும். ஒரே ஒரு நிபந்தனை, ரெண்டு பேரும் எப்பவும் ஒரே வண்டியிலதான் ஏறணும், ஒண்ணாத்தான் இறங்கணும்."

ஸ்பீக்கரில் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அறையில் எல்லோரும் அதைக் கேட்டார்கள்.

மைக்கம்மா சுவரில் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்த பனிமலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒருத்திக்குப் போதும்" என்றாள்.

அக்கா "சாப்பாட்டுக்கு வந்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

"சரிம்மா" என்று கவுண்டர் பெண் கணினிப் பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணு. பாஸ்ல ஆரம்ப தேதிய இப்பவே பதிச்சிடலாம். பதிச்சுட்டா யார் போன் பண்ணாலும் ரத்து பண்ண முடியாது. நீங்களே கேட்டாலும் முடியாது. யோசிச்சு நாளைக்குக்கூடச் சொல்லலாம்."

"பதிம்மா."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. மகன் கடைசியாக ஒரு முயற்சி செய்தான். "சரி, முதல்ல எந்த ஊர், அப்புறம் எந்த ஊர்னு எழுதியாவது கொடுத்துட்டுப் போங்கம்மா. நீங்க எங்க இருக்கீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அச்சாகி வந்த பாஸை மைக்கம்மா வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். பெயர், எண், தேதி, எல்லாம் சரியாக இருந்தன. அதைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தெரியாது" என்றாள். "எனக்கே தெரியாது. அங்க இறங்கி, முதல்ல எந்த வண்டி நிக்குதோ அதுல ஏறப் போறேன்."